நாற்பதாவது தலை

எதிர்வீட்டு அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். கணவர் போன பிறகு அவர் பேசுவதெல்லாம் நாயோடுதான்; அந்தப் பேச்சில் பாதி என் ஜன்னலுக்கும் கேட்கும். பேரனுக்குக் காதுகுத்து என்று மூன்று நாள் வெள்ளிமலைக்குப் போனபோது நாயை என்னிடம் விட்டுப் போனார். கூடவே ஒரு தாள், அதில் பதினோரு கட்டளைகள். நான் நில சர்வேயில் முப்பத்தாறு வருடம் அளவுச் சங்கிலி பிடித்தவன். எண்ணாமல் மாடிப்படி ஏற வராது. பதினொன்றையும் இரண்டு நாள் பிசகாமல் நிறைவேற்றினேன். நாயின் பெயரை எழுதப்போவதில்லை. நடந்தது வெளியே தெரிந்தால் அதற்கும் சங்கடம்தான்.

மூன்றாம் நாள் அந்த அம்மா ஐந்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவதாகப் பேச்சு. நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு கட்சிக் கூட்டத்துக்கான ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. பன்னிரண்டு மேளம். என் வாசலில் சரவெடியைக் கொளுத்தினார்கள். கழுத்துப்பட்டையின் கொக்கி பிய்ந்து பட்டை என் கையில் நிற்க, நாய் ஊர்வலத்துக்குள் ஓடிவிட்டது.

எனக்கு இரண்டு பயம். ஒன்று, நாய் இல்லாத வீட்டுக்குள் அந்த அம்மா நுழைவது. இன்னொன்று, கூட்டத்துக்குள் நான் நுழைவது. ஐம்பத்தோரு வருடமாக எந்தக் கூட்டத்துக்கும் நான் போனதில்லை. இருபத்திரண்டு வயதில் தியாகதுருகத்தில் எங்கள் கட்சிக் கூட்டத்தில் ஆள் எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வரிசை வரிசையாக எண்ணி, மேடை ஏறி, பேச்சாளரின் காதில் சொன்னேன். கடல்போல் திரண்டிருக்கும் மக்களே என்று அவர் அப்போதுதான் முழங்கி முடித்திருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு என்ற என் குரல் மைக்கில் விழுந்து நான்கு குழாய்களிலும் கேட்டது. தம்பியை இனிமேல் இட்டாராதீங்க என்று மறுநாளே சொல்லி அனுப்பினார்கள்.

வேறு வழியில்லாமல் ஊர்வலத்தின் பின்னாலேயே கூட்ட மைதானம் வரை போனேன். மைதானத்துக்கு வெளியே ஆள் ஏற்றிவந்த அறுபத்து மூன்று வேன்கள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். இருபத்தேழாவதில், இரண்டு பெண்களுக்கு நடுவே சீட்டில் உட்கார்ந்து, பிரியாணிப் பொட்டலத்துக்குள் தலையை விட்டிருந்தது எங்கள் நாய். கட்டளை நான்கு: மசாலா கூடாது. கட்டளை ஐந்து: கறி கூடாது.

திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூலிவேலைப் பெண்கள் அவர்கள். வேனுக்குப் பொறுப்பான பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் நாய் என்றேன். கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். கூப்பிட்டேன். அது காதைக்கூட அசைக்கவில்லை. வேனே சிரித்தது. காலையிலிருந்து எங்கள் கூடத்தான் வருகிறது என்று ஒருத்தி கூசாமல் சொன்னாள்.

அவர்களுக்கும் ஒரு கவலை இருந்தது. மைதானத்துக்குள் விடுவதற்கு முன் நோட்டுக்காரர் ஒருவர் வேன் வேனாக வந்து தலை எண்ணுவார். சொன்ன கணக்குக்கு ஒரு தலை குறைந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தெருவுக்கு வேன் வராது. நாற்பது என்று சொல்லியிருந்தார்கள். ஒருவர் உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க இறங்கியவர், திரும்பவில்லை. அவர் பொட்டலத்தைத்தான் நாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

“நாயி உங்களுதுதான், ஒத்துக்கறோம். எண்ணுறவரு வந்துக்கினு இருக்காரு. அதுவரைக்கும் குந்துங்க பெருசு, அப்பறம் இட்டுக்கினு போங்க,” என்றார் பொறுப்பான பெண்.

நான் வேறு கட்சி என்று மெல்லச் சொன்னேன். அந்தப் பெண் தன் தோளிலிருந்த கட்சித் துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டார். “துண்ட போட்டா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதாங்க.”

நோட்டுக்காரர் வந்தார். பேனா முனையால் ஒவ்வொரு தலையாகக் காற்றில் குத்தி, என்னிடம் வந்து நாற்பது என்றார். வாழ்நாளெல்லாம் எண்ணியவனை முதல்முறையாக ஒருவர் எண்ணினார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், உச்சந்தலை ஜிவ்வென்றது.

அதோடு விடுவார்கள் என்று பார்த்தால், எண்ணிய தலைகளை அப்படியே வரிசையாக உள்ளே ஓட்டினார்கள். ஐந்தாவது வரிசையில், மடியில் நாயோடு உட்கார்ந்தேன். மணி ஐந்து. மேடையில் பேசத் தொடங்கினார்கள். கூட்டம் கைதட்டும்போதெல்லாம் நாய் மேடையைப் பார்த்துக் குரைத்தது. மூன்றாவது முறை எங்கள் வரிசை மட்டும் சிரித்தது. ஏழாவது முறை மேடையே பேச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தது. தொண்டர் ஒருவர் வந்து, கொஞ்சம் வெளிய போயிடுங்க ஐயா என்று கும்பிட்டார். அந்தக் கும்பிட்டுக்கு மனதுக்குள் நான் சொன்ன நன்றி கொஞ்சமல்ல. துண்டை நாயின் கழுத்தில் கட்டி, எழுபத்து மூன்று வயதில் ஓடினேன். நாய் என்னைவிட உற்சாகமாக ஓடியது. இருவருக்கும் ஏன் என்று தெரியாமலே சிரிப்பாக வந்தது. அது சிரித்தது என்றே நான் நம்புகிறேன்.

நான் தெருமுனையில் திரும்பும்போது அந்த அம்மா பையோடு கேட்டருகே நின்றிருந்தார். வழியில் நான்கு பொய்கள் தயார் செய்திருந்தேன். நாய் என் பிடியை உதறிக்கொண்டு போய் அவர் மேல் தாவியது. அவர் அதன் வாயை முகர்ந்தார். கழுத்திலிருந்த துண்டின் நிறத்தைப் பார்த்தார். மூன்று தலைமுறையாக அந்த நிறத்துக்கு எதிர்க்கட்சிக் குடும்பம் அவருடையது. நான்கு பொய்களும் மறந்து, உண்மையை மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் கணவர் போன பிறகு அந்த வாசலில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

“மூணே நாள்ல என் நாயோட கட்சிய மாத்திட்டீங்களேண்ணே,” என்றார். “ஆடியில மறுபடியும் மலைக்குப் போறேன். நீங்களே பாத்துக்கங்க.”

சரி என்று தலையாட்டினேன். முழங்கால் அப்போதுதான் வலிக்கத் தொடங்கியது.