கப்பலேறிய கல்யாண அண்டாக்கள்

சென்ற வருடம் ஓணம் முடிந்த வாரம், மட்டாஞ்சேரியில் நடந்தது இது. கொச்சிக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி, முட்டை என்று சமையல் சாமான் சப்ளை செய்வது என் தொழில். செய்வது என்றால், செய்பவர்கள் வேறு. நான் பஜார் ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவன். மிச்ச நேரத்தில் புத்தகம் படிப்பேன். வினையே அங்கிருந்துதான் வந்தது.

ஒரு கப்பல் கம்பெனி கடிதம் அனுப்பியிருந்தது. ஒருமுறை பயன்படுத்தி வீசுகிற பிளாஸ்டிக் எதுவும் இனி அவர்கள் கப்பலில் ஏறக்கூடாது. கவர், சாக்கு, தெர்மகோல், எதுவுமே. முதல் சப்ளை சரியாக அமைந்தால் கொச்சிக்கு வரும் அவர்களுடைய எல்லாக் கப்பல்களும் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஆள். எங்களிடம் வேலை பார்க்கும் ஒன்பது பேருக்கும் தொடர்ந்து வேலை இருக்குமா என்பதே அந்த ஒரு நாளில்தான் இருந்தது.

நான் பயப்படவில்லை. இந்த விஷயத்தில் நான்கு புத்தகம் படித்தவன். வியாபாரிகள் கூட்டத்தில் ‘துறைமுகத் தொழிலில் பசுமை மாற்றம்’ என்று நாற்பது நிமிடம் பேசியவன். கடைசி வரிசையில் பலமாகக் கைதட்டினார்கள். பேச்சு முடிந்ததற்காகத் தட்டினார்கள் என்று பிறகு தெரிந்தது.

பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் பக்கத்து இஞ்சிக் கிடங்கிலிருந்து பழைய சணல் சாக்குகளும், கொஞ்சம் அட்டைப்பெட்டிகளும் வாங்கினேன். எல்லாவற்றையும் அதில் கட்டச் சொன்னேன். பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நானே லாரியில் ஏறினேன். காலை பத்து மணிக்குக் கப்பலடியில் நின்றோம்.

கப்பலின் தலைமைச் சமையல்காரர் இறங்கி வந்தார். தூத்துக்குடிக்காரர். சாக்குகளைப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

“அண்ணாச்சி, சாக்கும் அட்டப்பெட்டியும் உள்ள வரப்புடாது. கரப்பான் முட்ட அதுலதான் வரும். ஒரு சோடி ஏறிச்சின்னா போதும், கப்பல அதுக கையில குடுத்துட்டு நாங்க கடல்ல எறங்கணும்.”

சணல் மண்ணோடு மக்கிப்போகும் அழகை நான் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் என் தோளைச் சுட்டிக்காட்டினார். வெள்ளைச் சட்டையில் ஒரு கரப்பான் பூச்சி, மீசையை ஆட்டியபடி என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“சாயங்காலம் அஞ்சரைக்குக் கெளம்புதோம். பாத்திரத்துல கொண்டாந்தாலும் சரிதான், நாங்க கொட்டிக்கிடுதோம்” என்று சிரித்துவிட்டு ஏறிப் போனார்.

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் லாரி பஜாருக்குள் திரும்பியதும் என் கண்ணில் பட்டது, கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடும் கடை. வாசலில் கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கடைக்கார அக்கா தென்காசிப் பக்கம் பிறந்து, இருபது வருடமாகக் கொச்சியில் இருப்பவர். விஷயத்தைச் சொன்னேன்.

“என் அண்டாவக் கப்பல்ல ஏத்துறீங்களா? எந்தா சாரே, நானே இன்னும் கப்பல் ஏறல.”

“கொட்டிவிட்டு உடனே தந்துவிடுவார்கள் அக்கா.”

“ஏழு மணிக்குள்ள வரணும். நாளைக்கு நிக்காஹ், ஆயிரம் பேருக்கு பிரியாணி. ஒண்ணு கொறஞ்சாலும் உங்க சட்டையப் பிடிச்சு அந்தக் கல்யாண வீட்டுல கொண்டு போய் நிறுத்துவேன். கேட்டோ?”

முப்பத்திரண்டு அண்டாக்கள், மூடியோடு. எங்கள் ஆட்கள் ஒன்பது பேரும் சாக்குகளை உதறிக் கொட்டி, கழுவ வேண்டியதைக் கழுவி, எல்லாவற்றையும் அண்டாக்களில் மாற்றினார்கள். மூன்று மணிக்குத் துறைமுக வாசலில் காவலர் லாரியைப் பார்த்துவிட்டு, “கப்பலிலே கல்யாணமாணோ சேட்டா?” என்றார். ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக்கொண்டார்.

கப்பலின் சின்ன கிரேன் வலையில் நான்கு நான்காகத் தூக்கியது. மேலே மாலுமிகள் கொட்டிக் கொட்டித் திருப்பி அனுப்பினார்கள். யாரோ ஒருவர் காலி அண்டாவில் தாளம் போட, இன்னொருவர் ஆடினார். நானும் கீழே லேசாகக் காலை ஆட்டினேன் என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். நான் மறுத்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கு முப்பத்தொன்று இறங்கியிருந்தன. கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட் மேலே ஏறிவிட்டார். கயிறு அவிழ்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். முப்பத்திரண்டாவதைக் காணோம். மேலே பார்த்துக் கத்தினேன். கப்பல் எஞ்சின் என்னைவிட நன்றாகக் கத்தியது. அப்போது பார்த்து போன்.

“எத்தன வந்துச்சு சாரே?”

“முப்பத்தொன்று. இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது அக்கா.”

“எங்கேருந்து, துபாயிலிருந்தா?”

அவர் வைத்துவிட்டார். நான் நாளைய நிக்காஹில் எந்த மூலையில் நிற்பது என்று யோசிக்கத் தொடங்கினேன். அந்த நேரத்தில் கிரேன் மறுபடி அசைந்தது. கொக்கியில் ஒற்றை அண்டா, மெதுவாகச் சுற்றிக்கொண்டே இறங்கியது. மூடியின் ஓரத்தில் ஆவி. நெய் வாசனை எனக்கு முன்பே எங்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்தால், கால்வாசி அண்டாவுக்குக் கேசரி. முந்திரி, திராட்சையோடு.

சமையல்காரர் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “கல்யாணப் பாத்திரத்த வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுத்தா எங்கம்மா வையும் அண்ணாச்சி!”

வாசல் காவலருக்கு ஒரு கை, எங்கள் ஆட்களுக்கு இரண்டு கை. ஆறரைக்குக் கடை வாசலில் முப்பத்திரண்டையும் இறக்கினோம். அக்கா எண்ணினார். கேசரியை வழித்து ஒரு வாய் போட்டுக்கொண்டார்; சீனி தூக்கல் என்றார்; இன்னொரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு தேங்காய் நாரை என் கையில் கொடுத்தார். பஜார் பார்த்துக்கொண்டிருக்க, சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன்.

“பிரசங்கம் பண்ற மாதிரி மேலாலத் தடவாதீங்க சாரே. அடியில ஒட்டியிருக்கு.”

அழுத்தித் தேய்த்தேன். வெகுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்ததும் அப்போதுதான்.

இரண்டு வாரத்தில் அந்தக் கம்பெனியின் கப்பல்கள் எங்களுக்கு வந்தன. இப்போது எங்களுக்கென்று மூடி போட்ட எவர்சில்வர் டிரம்கள் இருக்கின்றன. ஏறுகின்றன, இறங்குகின்றன, கழுவுகிறோம், மறுபடி ஏறுகின்றன. வேறு இரண்டு சப்ளைக்காரர்களும் அப்படியே செய்யத் தொடங்கிவிட்டார்கள். இது யாருடைய யோசனை என்று கேட்கிறவர்களிடம், ஒரு சமையல்காரர் கிண்டலடித்தார், ஒரு அக்கா நம்பிக் கொடுத்தார் என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத் தொழிலில் நான் கொண்டுவந்த ஒரே பெரிய மாற்றம், அன்று ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு, வேலை தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்டதுதான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக வருகிறது.