தலையில்லாத தும்பி

2006ஆம் ஆண்டு ஆவணி மாதம். இத்தாலியின் பலெர்மோ நகரில் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டை அப்போதுதான் முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அன்று கொஞ்சம் கூடவே இருந்தது.

அம்மா பன்னிரண்டு வருடமாக சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலிய அம்மையாரின் வீட்டில் வேலை செய்து வந்தார். அந்தக் கிழமை அம்மாவின் கையில் சுடுதண்ணீர் கொட்டிவிட்டதால் அவருக்குப் பதிலாக நான் போனேன். சின்யோரா விடுமுறைக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் இருந்தார்; வியாழன் திரும்புவார். வந்ததும் அம்மாவின் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அது இல்லாமல் வெள்ளிக்கிழமை குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் அம்மாவின் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. இலங்கையில் எங்கள் ஊரிலோ மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது.

"அலுமாரிக்கு மேல ஒரு மண்சட்டி இருக்கு. காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டினாக் காணும். ஈரம் படவே கூடாது, விளங்குதே?" என்றார் அம்மா.

"தூசி துடைக்கவும் எனக்குப் பாடம் எடுக்க வேணுமே அம்மா?"

அதற்கு முதல்நாள் ஆப்பிரிக்கச் சூட்டுக்காற்று அடித்து வீடெல்லாம் செம்புழுதி. விளிம்பைப் படிக்கட்டுப் போல வெட்டிய அந்த வெள்ளைச் சட்டியிலும் புழுதி அப்பியிருந்தது. சின்யோராவின் காலஞ்சென்ற கணவர் அமெரிக்காவில் ஸூனி என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வாங்கி வந்தது அது. சுற்றிவரத் தவளைகள், அவற்றின் வாற்பேத்தைக் குஞ்சுகள். நடுநடுவே இரண்டு குறுக்குக்கோடு போட்ட சிலுவைகள். கத்தோலிக்க மன்னார்க்காரிக்குச் சிலுவை தெரியாதா? ஈரத்துணியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

ஒரு சிலுவை துணியோடு வந்துவிட்டது.

பையிலிருந்த கறுப்புப் பேனாவால், பக்கத்தில் இருந்ததைப் பார்த்து அப்படியே வரைந்தேன். அதன் உச்சியில் இருந்த சின்ன உருண்டையை மைச்சொட்டு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் பல்கலைக்கழக நூலகத்தில் அந்தச் சட்டிகளைப் பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. வழிபாட்டுக்குச் சோளமா வைக்கும் சட்டியாம். வறண்ட நிலத்துக்கு மழையை அழைக்கத்தான் தவளை, வாற்பேத்தை, தும்பி எல்லாம் வரைவார்களாம். தும்பியா? படத்தை உற்றுப் பார்த்தேன். குறுக்குக்கோடுகள் சிறகுகள். உச்சியில் இருந்த உருண்டை தலை.

தும்பி தாழப் பறந்தால் மழை வரும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு சனத்தின் மழைத் தும்பியை நான் தலையில்லாமல் வரைந்து வைத்திருந்தேன்.

புதன்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "கையெழுத்து வைக்காட்டி எங்கையடி போறது?" என்று மட்டும் கேட்டார்.

வியாழன் காலை இருவருமாகப் போனோம். நாங்கள் குடியிருந்த சீசா வட்டாரத்திலிருந்து பஸ் எடுத்தோம். லிஃப்டில் ஏறும்போது அம்மா செபமாலையை இறுகப் பிடித்திருந்தார்.

நானே எல்லாவற்றையும் சொன்னேன். சின்யோரா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டியை ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தும்பியா? இவ்வளவு காலமும் நானும் சிலுவை என்றுதான் நினைத்திருந்தேன்" என்றார் கடைசியில். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "உன் அம்மா பன்னிரண்டு வருடத்தில் ஒரு தரமும் இதில் ஈரம் பட விட்டதில்லை" என்றார்.

பிறகு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். பேனாவை மூடிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இது அம்மாவுக்காக. உனக்காக இல்லை."

இறங்கும்போது அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "உனக்காவது தலை மிஞ்சிச்சே!"

இன்று என்னிடம் பட்டம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், அந்தச் சட்டியில் இன்னமும் இருக்கும் தலையில்லாத தும்பி ஞாபகம் வந்து கை தானாக நின்றுவிடுகிறது.