மூன்று மொழியிலும் ஒன்றாக

கொட்டாஞ்சேனை செலீனுக்குக் கடல் என்றால் கணினித் திரைதான். கொள்ளுப்பிட்டியில் ஒரு சின்ன அலுவலகம். கரையோரமெங்கும் எடுக்கப்படும் தண்ணீர்ச் சோதனை முடிவுகளைச் சேர்த்து, எங்கே குளிக்கலாம், எங்கே நச்சுப்பாசி பெருகிவிட்டது, எங்கே மட்டிச் சிப்பி பொறுக்கக் கூடாது என்று சனத்துக்கு அறிவிப்பது அவர்கள் வேலை. அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவள் செலீன் ஒருத்திதான்.

முன்பெல்லாம் சிங்களமும் ஆங்கிலமும் உடனே போகும். தமிழ் ஆறுதலாகப் போகும். நஞ்சென்ன, தமிழருக்கு மட்டும் பொறுத்திருந்தா பிடிக்கப்போகிறது? செலீன் பணிப்பாளரோடு சண்டை பிடித்து, மூன்று மொழியும் ஒன்றாகத்தான் போகவேண்டும் என்று விதி போட வைத்தாள். பக்கத்து வீட்டு றேமண்ட் அண்ணனை நினைத்துத்தான் அந்தச் சண்டை. துறைமுகத் தொழிலாளியான அவர் சிங்களம் வெளுத்து வாங்குவார்; ஆனால் அதில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது, தமிழ் மட்டும்தான் வாசிப்பார். ஞாயிறு விடிந்தால் பாறைகளில் மட்டி பொறுக்கப் போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை செலீன் தலவில் என்ற ஊருக்கு, தேவாலயத் திருவிழாவுக்குப் போனாள். சனத்துக்குள் போன் செத்துப்போனது. அன்றுதான் மட்டியில் நஞ்சு என்ற முடிவு வந்தது. கூட வேலை செய்யும் ருவன் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் எழுதிவிட்டு, அவளுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தான். கிடைக்கவில்லை. தமிழை விட்டுவிட்டு அனுப்பினால் செலீன் அக்கே மனம் நோவாள் என்று, பாவம், எதையும் அனுப்பாமல் வைத்திருந்தான்.

ஞாயிறு பின்னேரம் திரும்பி வரும் பஸ்ஸில் யாரிடமோ சார்ஜ் வாங்கிப் போனைத் திறந்தவள், உடனேயே தமிழை எழுதி அனுப்பினாள்; அதன் பிறகுதான் மூன்றும் ஒன்றாகப் போயின. ஆனால் றேமண்ட் அண்ணன் மத்தியானமே மட்டிக்கறி சாப்பிட்டிருந்தார். உதடு விறைத்து, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

சிங்களத்தில் சனிக்கிழமையே வந்திருந்தால், கீழ்வீட்டு நந்தா அக்கா வாசித்துவிட்டு மாடிப்படியில் நின்று ஊரையே கூப்பிட்டிருப்பாள். அதை நினைக்க நினைக்க செலீனுக்கு நெஞ்சு எரிந்தது. செத்த வீட்டில் அழக்கூட அவளுக்கு முகமில்லை.

றேமண்டின் மனைவி சாமினி அவள் கையைப் பிடித்தாள். "தமிழிலை பிந்தித்தான் வந்ததோ, செலீன்?"

"இல்லை அக்கா. மூண்டும் ஒண்டாத்தான் போனது."

"சிங்களத்திலையும் நேற்றுப் பின்னேரம்தானோ?"

"ஓம்."

சாமினி கண்ணைத் துடைத்தாள். "அப்ப எங்களை ஒதுக்கேல்லை. நீ சண்டை பிடிச்சதை அவர் எல்லாருக்கும் சொல்லிப் பெருமைப்படுறவர்."

அடக்கம் முடிந்த மறுநாள் செலீன் பணிப்பாளரிடம் போனாள். இனி எது முதலில் தயாரோ அது போகட்டும், தமிழ் பிறகு வரட்டும் என்று தன் வாயாலேயே சொன்னாள். அவர் உடனே சரி என்றார். தமிழுக்கு இன்னொரு ஆளை எடுப்போம் என்று அவர் சொல்லவில்லை.