உப்புக் குடித்த வண்டி

விஜயன் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஜெயமணியின் வண்டியைப் பார்த்தான், அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"அரே தீதி, வேற எந்தக் காடின்னாலும் அரை மணியில மாட்டிக் கொடுத்துடுவேன். இது உப்புக் குடிச்ச காடி. இதுல நான் கை வெச்சா, நாளைக்கு ஹார்ன் அடிக்கலன்னாலும் என் தலையிலதான் விடியும். சோடோ, விட்ரு."

அந்தமானில், போர்ட் பிளேயரின் டாலிகஞ்சில் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவன் விஜயன். தீதி, அதாவது அக்கா, என்று அவன் கூப்பிடும் ஜெயமணியோடு அவனுக்குப் பகை கிடையாது, அந்த வெள்ளை வேனோடுதான் பகை. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது, துறைமுகத்துப் பக்கம் நின்றிருந்த வண்டி அது. கூரை மட்டும் வெளியே தெரிய இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தது. பிறகு பழைய இரும்பாக ஏலம் போனது. எடுத்தவர் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தார், அவரிடம் வாங்கியவர் பெயிண்ட் அடித்தார், மூன்றாவது கைதான் ஜெயமணி. போர்ட் பிளேயரில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கெல்லாம் ஒரே பெயர்: சுனாமி காடி. ஐந்து வருடமாக அதை ஓட்டுகிறாள். பெயர் மட்டும் போகவில்லை.

"மாட்டித் தரமாட்ட?"

"வண்டிய மாத்து. அப்புறம் மாட்டுவோம்."

"சரி, உன் டெஸ்ட் லைட்ட குடு. திங்கக்கெழம தாறேன்."

"உனக்கெதுக்கு அது?"

"நானே மாட்டிக்கிறேன்."

விஜயன் சிரித்தான். ஆனாலும், இரண்டு ஒயருக்கு நடுவே சின்ன பல்பு வைத்த அந்தச் சாமானை எடுத்துக் கொடுத்தான். "கரண்ட் எங்க வருது, எங்க போவுதுன்னு பல்பு சொல்லும். ஆனா ஒண்ணு கேட்டுக்க. சுனாமி காடியில எர்த் நிக்காது. பாடி பூரா உள்ளுக்குள்ள துருப்பிடிச்சுக் கெடக்கும். நான் சொல்லலன்னு சொல்லாத."

அன்று சனிக்கிழமை. திங்கள் காலைக்குள், போனைக் கையில் எடுக்காமலே பேச உதவும் அந்தப் பெட்டி வண்டியில் ஏறி வேலை செய்தாக வேண்டும். இல்லையென்றால் அவள் பிழைப்பில் பாதி ஸ்ரீதர் என்ற இன்னொரு டிரைவருக்குப் போய்விடும்.

நடந்தது இதுதான். டாலிகஞ்சில் லாட்ஜ் வைத்திருக்கும் ராஜமாணிக்கம் அண்ணாச்சி தன் விருந்தாளிகளை ஊர் சுற்றிக் காட்ட ஜெயமணியைத்தான் கூப்பிடுவார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. போன் மூன்று முறை மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். நான்காவது மணி அடித்தால் அவர் விரல் அடுத்த டிரைவரின் நம்பருக்குப் போய்விடும். இந்தத் தீவுச் சாலையில் எதிரே பஸ் வரும், பின்னால் மணல் லாரி வரும், ஒதுங்கி நிறுத்த இடம் தேடுவதற்குள் போன் ஆறு முறை அடித்துவிடும். அதனால் ஜெயமணி ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போன் என்று பேசினாள். காராச்சர்மா ஜங்ஷனில் நிற்கும் டிராபிக் போலீஸ்காரர் அவளை இரண்டு முறை பிடித்து அபராதம் எழுதினார். இரண்டாவது முறை, "தீஸ்ரீ பார் லைசென்ஸ் ஜாயேகா" என்றார். மூன்றாம் தடவை லைசென்ஸ் போய்விடும்.

அண்ணாச்சியிடம் போய், மூன்று மணிச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னாள். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஸ்ரீதரு புதுக் காரு எடுத்திருக்கான் பாத்துக்க. போன் அடிச்சா காரே பேசுது. நான் எதுக்கும்மா காத்துக் கெடக்கணும்? திங்கக்கெழம பாராடாங் தீவுக்கு மதுரைக்காரங்க நாலு பேரு போறாங்க. அத நீ ஓட்டு. அதோட சரி."

"திங்கக்கெழம என் காடியும் பேசுனா?"

"எது, உன் சுனாமி காடியா?" அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் மேசை மேல் இருந்த சாவிக்கொத்து ஆடியது. "பேசட்டும், பேசட்டும். நான் நடுவழியில அடிக்கேன். எடுத்தா எல்லா டிரிப்பும் உனக்குத்தான். போதுமா?"

ஜெயமணிக்கு நாற்பத்தொரு வயது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நான்கு வயதில் கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவள். பதினாறு வயதில் பால்வெட்டுக் கத்தி பிடித்தாள். ரப்பர் மரத்தில் பால் எடுப்பது எளிதான வேலை போலத் தெரியும். கத்தியைச் சாய்த்துப் பட்டையைச் சீவ வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும் மரத்தைத் தொடக்கூடாது. ஒரு மயிரிழை மிச்சம் விட வேண்டும். தொட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது. கணக்குப்பிள்ளை விரலால் தடவிப் பார்த்துக் காயத்தை எண்ணுவார், காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லித் திட்டுவார். பதினெட்டு வருடத்தில் ஜெயமணியின் பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மேல்காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் முருகையா கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போயிருந்தான். அவள் கையிலிருந்த கத்தி மிஞ்சியது. அவன் மிஞ்சவில்லை.

போர்ட் பிளேயர் நிவாரண முகாமில் பெண்களுக்கெல்லாம் தையல் மெஷின் கொடுத்தார்கள். ஜெயமணி தனக்கு டிரைவிங் வேண்டும் என்று கேட்டாள். பட்டியலில் அது இல்லை என்றார்கள். அவள் தையல் மெஷினை வாங்கினாள், மறுவாரமே விற்றாள், அந்தப் பணத்தில் டிரைவிங் படித்தாள். முகாம் அதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது, "நீங்க குடுத்த மெஷின்தான் சார், இப்ப நாலு சக்கரத்துல ஓடுது" என்றாள்.

ஞாயிறு காலை, புரோத்ராபூரில் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினாள். சென்னையிலிருந்து கப்பலில் வந்த ஒரு நர்ஸ் வாங்கி வந்து கொடுத்த பெட்டி அது. உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி, மிளகு மாதிரி ஒரு மைக், ஒட்டி வைக்க ஒரு பட்டன், பாம்புக் குட்டிகள் போல ஒரு ஒயர் கட்டு. காகிதத்தில் ஆங்கிலத்தைவிடப் படம் அதிகம். அது நல்லதாகப் போயிற்று.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினாள். ரேடியோவை வெளியே இழுத்தாள். மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் வரும் இடத்துக்கு, சிவப்பு ஒயர் சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்கு. எது எது என்று பார்க்க பேட்டரியை ஒரு நிமிஷம் மாட்டி டெஸ்ட் லைட்டை வைத்தாள், பல்பு சொன்னது. மறுபடி கழற்றினாள். ரேடியோவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் கருவியைச் சேர்த்தாள். மைக்கை சன் வைசரில் மாட்டி, அதன் ஒயரை ஓரத்து ரப்பருக்குள் விரலால் அழுத்தி மறைத்துக்கொண்டே வந்தாள்.

மிச்சம் கறுப்பு ஒயர். எர்த், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. வண்டியின் இரும்பில் பெயிண்டைச் சுரண்டி, போல்ட் வைத்து முறுக்க வேண்டும். விஜயன் சொன்னது நினைவிருந்தது. சீட்டுக்கடியிலிருந்து பால்வெட்டுக் கத்தியை எடுத்தாள். டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, ரூபாய்க் காசு அளவுக்குப் பெயிண்டைச் சீவினாள். வெள்ளை போய்ச் சாம்பல் நிறம் வந்தது. வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல். நல்ல வெட்டு. ஒயரை வைத்து முறுக்கினாள். பேட்டரியை மாட்டி, சாவியைப் பாதி திருப்பினாள்.

எதிர்ப் பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கும் ஒச்சம்மாவை அந்தக் கருவி வழியாகப் போனில் கூப்பிட்டாள். ஒச்சம்மா உசிலம்பட்டிக்காரி, ஐம்பதடி தூரத்தில் நின்றாலும் போன் இல்லாமலே கேட்கும் குரல்.

"ஒச்சக்கா, கேக்குதா?"

"கேக்குதுத்தா! கணீர்னு கேக்குது!"

ஜெயமணி சாவியை முழுதாகத் திருப்பி இன்ஜினைப் போட்டாள். உடனே ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் எழுந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறியது.

"இப்ப?"

"என்னாத்தா பேசுற? கெணத்துக்குள்ள விழுந்து, மேல ஒரு வண்டு உக்காந்த மாதிரி கேக்குது!"

இட்லி தின்னவென்று விஜயன் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான். சத்தத்தைக் கேட்டான். முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் என்ன சொன்னேன்? எர்த் நிக்காது. கடல் தண்ணிய கடல்லயே விட்ருக்கணும் தீதி. சீலையா தைக்கிற, ஒட்டுப் போட?"

"தையல் மெஷின எப்பவோ வித்தாச்சு தம்பி. இட்லி ஆறுது, போய்த் தின்னு."

ஒச்சம்மா கரண்டியைக் காட்டினாள். "ஏலேய், ஓசிச் சட்னி கேக்குறவனுக்கு வாய் எதுக்கு நீளுது?"

ஜெயமணி மறுபடி டேஷ்போர்டுக்குக் கீழே போனாள். எர்த் நிற்காது என்று விஜயன் சொன்னால், எங்கே நிற்காது என்று பல்பைக் கேட்டால் போகிறது. ஒரு முனையை ரேடியோவின் மஞ்சள் ஒயரில் வைத்து, மறுமுனையை நீளமான ஒயர் கட்டிக் கொண்டுபோய் நேராகப் பேட்டரி நெகட்டிவில் தொட்டாள். பல்பு பளீரென்று எரிந்தது. அதே முனையைத் தான் சீவிய இடத்தில் வைத்தாள். பல்பு சீக்காளி மாதிரி மினுங்கியது.

அப்படியென்றால் கருவியில் கோளாறில்லை, ஒயரிலும் இல்லை. கோளாறு அந்த ரூபாய்க் காசு அளவு வட்டத்தில்.

கண்ணை அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். சாம்பல் நிறம். வழவழப்பு. இரும்புக்கு இந்த மெழுகு போன்ற வழவழப்பு கிடையாது. விரல் நகத்தால் அழுத்தினாள், லேசாகப் பதிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது இரும்பே இல்லை. பெயிண்டுக்கு அடியில் பூசும் இன்னொரு பூச்சு, மரத்தை ஒட்டிய உள்பட்டை மாதிரி. பதினெட்டு வருடம் பழகிய கை, மரத்தைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் தானாகவே நின்றுவிட்டிருக்கிறது. கணக்குப்பிள்ளை செத்து ஆறு வருடம் ஆகிறது. கை இன்னும் அவருக்குப் பயந்துகொண்டிருக்கிறது.

"நில்லுங்க கணக்குப்பிள்ளை, இன்னைக்கு உங்க மரத்துக்குக் காயம்தான்" என்று சொல்லிக்கொண்டே கத்தியை நிமிர்த்திப் பிடித்து இறக்கினாள்.

சாம்பல் பூச்சு பெயர்ந்தது. அதற்கடியில் செம்மண் நிறத்துத் துரு, பொடிப்பொடியாக மடியில் கொட்டியது. வாயில் உப்புக் கரித்தது. விடவில்லை. கத்தி கிறீச்சிட்டது, முனை மழுங்கியது, தோள்பட்டை வலித்தது. துரு தீர்ந்து, ஒரு இடத்தில் மீன் வயிறு போல வெள்ளையாகப் பளிச்சிட்டது. இரும்பு. அங்கே டெஸ்ட் லைட்டை வைத்தாள். பல்பு பேட்டரியில் எரிந்தது போலவே எரிந்தது. ஒயரை வைத்து முறுக்கி, மேலே கனமாக கிரீஸ் அப்பினாள், இனி உப்புக் காற்று தொடாதபடிக்கு.

இன்ஜினைப் போட்டாள். சத்தம் இல்லை. ஒச்சம்மாவின் குரல் மட்டும் வண்டி முழுக்க நிறைந்தது. "பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்குத்தா! வெரட்டி ஓட்டு!"

விஜயன் இட்லித் தட்டோடு எழுந்து வந்து குனிந்து பார்த்தான். கிரீஸ் அப்பிய அந்த இடத்தையும் மழுங்கிய கத்தியையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"உன் டெஸ்ட் லைட்டு" என்று ஜெயமணி நீட்டினாள். "நாளைக்குத் தர்றதாச் சொன்னேன். இன்னைக்கே வேலை முடிஞ்சிருச்சு."

திங்கள் காலை ஏழு மணிக்கு மதுரைக்காரர்கள் நான்கு பேரும் ஏறினார்கள். ஜிர்காடாங் கேட்டில் ஒன்பது மணிக்கு வண்டிகளை வரிசையாக விடுவார்கள், அதைப் பிடித்தால்தான் பாராடாங். காராச்சர்மா ஜங்ஷனில் அதே போலீஸ்காரர் நின்றிருந்தார். வண்டி நெருங்கும்போது போன் அடித்தது. அண்ணாச்சி இடத்தைக் கணக்குப் பண்ணித்தான் அடித்திருக்க வேண்டும்.

இரண்டாவது மணியில் ஜெயமணி பட்டனைத் தொட்டாள். "சொல்லுங்க அண்ணாச்சி."

அவள் வாய் அசைவதைக் கண்டு போலீஸ்காரர் கையைக் காட்டினார். வண்டி நின்றது. அவர் ஜன்னலருகே வந்து குனிந்தார். போனைத் தேடினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. அதற்குள் அண்ணாச்சியின் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் முழங்கியது.

"அட, எடுத்துட்டியே! கையில போன் இல்லல்லா? சரி, ஒண்ணு சொல்லுதேன். அந்த மதுரைக்காரங்ககிட்ட இது சுனாமி காடின்னு மூச்சு விட்ராத. கேட்டா, புது வண்டி, பெயிண்ட்தான் மங்கிப்போச்சுன்னு சொல்லி வையி."

பின்சீட்டு அம்மாள் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினார். ஜெயமணியின் விரல் பட்டனுக்குப் போனது. அணைத்துவிடலாம். பிறகு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஸ்ரீதர் என்றால் அதைத்தான் செய்வான்.

விரலை எடுத்தாள். ரேடியோவின் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினாள்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னத அவங்களே கேட்டுட்டாங்க. போலீஸ் சாரும் கேட்டாரு. என் காடி சுனாமி காடிதான். ரெண்டு நாள் கடலுக்குள்ள கெடந்த காடி. இப்ப நீங்க பேசுறது தெளிவா கேக்குதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"...கேக்குதும்மா."

"அப்ப டிரிப்பெல்லாம் எனக்கு. ஆனா காடிக்கு வேற பேரு சொல்லச் சொல்லாதீங்க."

போலீஸ்காரர் நிமிர்ந்தார். சிரிப்பை மறைக்க முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, போ என்று கையை வீசினார். வண்டி சிப்பிகாட் பக்கம் இறங்கியது. சுனாமி வந்த அந்த டிசம்பரில் தாழ்ந்துபோன வயல்களில் இன்னும் கடல் நின்றது. சாலை மட்டும் உயரத்தில், அதன் நடுவே ஓடியது.

"நிஜமாவே கடலுக்குள்ள கெடந்த வண்டியாம்மா?" என்றார் பின்சீட்டு அம்மாள்.

"ஆமாங்கம்மா" என்றாள் ஜெயமணி. "எறங்கிக்கிறீங்களா, பாராடாங் போவமா?"

"போவம், போவம்" என்றார் அந்த அம்மாள். ஜெயமணி மூன்றாவது கியரைப் போட்டாள்.