ஒரு ராத்திரி கூடுதல்

அந்தப் பயண நிறுவனத்தில் அவளை எல்லோரும் மேப் அக்காவைச் சுருக்கி மேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவரின் மகள். அந்த வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள். படித்தது புவியியல். "இதைப் படிச்சு என்ன கிழிக்கப் போற?" என்று கேட்காத உறவுக்காரர் பாக்கியில்லை. கடைசியில் இருபத்திரண்டு வருடமாக அதுதான் சோறு போடுகிறது.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு எந்த ஊரில் எத்தனை நாள், எந்த ரயிலில் ஏறி எங்கே மாறுவது என்று திட்டம் போடுவது அவள் வேலை. கணினி இருந்தாலும் முதல் வரைவு மேசையில்தான். ஒரு ராத்திரிக்கு ஒரு காகிதத் துண்டு. பாரிஸுக்கு நீலம், சுவிட்சர்லாந்துக்குப் பச்சை, வெனிஸுக்கு மஞ்சள். வருகிறவர்களிடம் அவள் கேட்கும் கேள்விகளும் ஒரு தினுசாக இருக்கும்.

"முட்டி வலி உண்டா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீங்க? பசிச்சா உங்க ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல கோவம் வரும்?"

கடைசிக் கேள்விக்குக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். அவள் சிரிக்காமல் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொள்வாள்.

தம்பி குடும்பத்தோடுதான் இருந்தாள். "ஊருக்கெல்லாம் வழி சொல்ற, நம்ம வீட்டுக்கு எட்டு மணிக்குள்ள வர்ற வழி மட்டும் உனக்குத் தெரியல" என்பான் தம்பி. அதற்கும் சிரிக்க மாட்டாள்.

ஒரு வருடம் கோடைக்கு முன்னால் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் லேத் பட்டறை வைத்திருந்தவர். அந்த அம்மா ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது கண்ணில் பார்வை போய்விட்டது. வலது கண்ணும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. எவ்வளவு நாள் தாங்கும் என்று டாக்டர் தேதி சொல்லவில்லை. "போறதுன்னா சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

"முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்புக்குள்ளயே குனிஞ்சு பாத்தாச்சு. இனிமே தூரத்துல, பெருசா ஏதாவது பாக்கணும்" என்றார் அந்த அம்மா. "மத்த ஊரெல்லாம் இவருக்கு. எனக்கு அந்த சுவிட்சர்லாந்து பனிமலை போதும்."

பன்னிரண்டு ராத்திரி. நீலம் ஐந்து, பச்சை நான்கு, மஞ்சள் மூன்று. பாரிஸில்தான் அதிக நாள் என்பதால் பிரான்ஸ் விசாவுக்கு நேரம் வாங்கியாயிற்று. அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு அந்த அம்மா போன் செய்தார்.

"ஏம்மா, நாங்க போற நாலு நாளும் மேகம் மூடிட்டா மலை தெரியாதுல்ல?"

"அப்படியும் நடக்கலாம்மா."

"சரி, நம்ம கையில என்ன இருக்கு" என்று வைத்துவிட்டார்.

மேப்பக்கா அந்தத் துண்டுகளை மறுபடி மேசையில் பரப்பினாள். பிறகு நீலத்தில் ஒன்றை எடுத்தாள். பச்சை ஒன்று வெட்டி அந்த இடத்தில் வைத்தாள். மலைக்கு இன்னொரு காலை. சொல்லாமல் செய்யும் உதவியின் சந்தோஷத்தோடு புதுத் திட்டத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தாள்.

மூன்று நாட்டுக்கும் ஒரே விசாதான்; எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கும் விதி இது. இப்போது நீலம் நான்கு, பச்சை ஐந்து. மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. சுவிட்சர்லாந்து விசாவுக்கு அடுத்த நேரம் ஒன்பது வாரம் தள்ளித்தான் கிடைத்தது.

முதலாளி கெட்டவர் அல்ல. "தூதரகத்துல சிக்கல்னு சொல்லிடு. நம்ம தப்பை நம்ம வாயால சொல்லிக்கணுமா என்ன?" என்றார். அவளும் அப்படியே சொன்னாள். போனில் அந்த அம்மா, "பாவம், உனக்குத்தான் ரெட்டை வேலை" என்றார். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனாள்.

விசா வந்தது. விமானத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்தது. இனி பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பயணத்தை ரத்து செய்ய இரண்டு பேருமே வந்தார்கள். பட்டறைக்காரர் மனைவியின் கையைப் பிடித்து நாற்காலியின் முதுகில் வைத்தார். அந்த அம்மா தடவிப் பார்த்து உட்கார்ந்தார். கையெழுத்துப் போடும் தாள்களை மேப்பக்கா எடுத்து வைத்தாள். பேனாவை நீட்டவில்லை.

"சார், தூதரகத்துல சிக்கல் எதுவுமில்ல. நான்தான் தப்பு பண்ணேன். மலைக்கு ஒரு ராத்திரி கூட்டினேன். அதனால எந்த நாட்டு விசான்னே மாறிப்போச்சு. நான் திரும்ப எண்ணிப் பாக்கல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதை இப்ப எதுக்கும்மா சொல்ற? சொன்னா உனக்கு மனசு ஆறிடும். எங்களுக்கு?"

அவளுக்கு மனது ஆறவில்லை. எனக்காகத்தான் சொன்னேனோ என்று அப்போதுதான் அவளுக்கே தோன்றியது. பேனாவை அவரே எடுத்துக்கொண்டார்.

"மலை ஊர்ல அஞ்சாவது நாள் காலையில எங்க இருந்திருப்போம்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஏழு அம்பத்திரண்டுக்கு மலை ஏறற பல்சக்கர ரயில்மா. எட்டு நாப்பதுக்கு உச்சிக்குப் போயிடும்..."

"நேரம் கேக்கலம்மா. என்ன தெரியும்?"

மேப்பக்கா அங்கே போனதில்லை. போய் வந்தவர்கள் சொன்னதையெல்லாம் கூட்டிச் சேர்த்துச் சொன்னாள். காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் கீழே கிடக்கும். நாம் அதற்கு மேலே நிற்போம். வெயில் முதலில் ஒரே ஒரு சிகரத்தில் மட்டும் விழும். பிறகு பக்கத்துச் சிகரம். பிறகு கண் கூசுகிற வெள்ளை.

அந்த அம்மாவின் முகம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

பட்டறைக்காரர் கையெழுத்துப் போட்டு முடித்து, மனைவியின் தோளைத் தொட்டார். "போதும்மா. போலாம்."

"இருங்க. இன்னும் கீழ இறங்கல நாம."

இறங்குகிற வண்டி பதினொன்று பத்துக்கு. மேப்பக்காவுக்கு அது மனப்பாடம். அதை மட்டும் அவள் சொல்லவில்லை.