கண்ணாயியின் அழுகை

கண்ணாயிக்கு அழவே தெரியாது என்றுதான் சேந்தமங்கலத்திலிருந்து வந்த அருணா முதலில் நினைத்தாள். மலை ஊர்களில் குடிக்கு எதிராக நாடகம் போடும் பெண் அவள். மலை ஊர்க்காரியான கண்ணாயிக்கு அதில் கொடுத்தது குடிகாரனிடம் அடிவாங்கும் பெண்டாட்டி வேடம். முதல் ஊரில் கண்ணாயி வாயே திறக்காமல் அடியை வாங்கிக்கொண்டு, குனிந்து மரவள்ளிக் கிழங்கை உரித்தாள். சனம் சிரித்தது. "அடி வாங்குனவ மாதிரியே இல்லீங்களே" என்றார் ஒருவர்.

பதினொரு வருஷமாகத் தன் வீட்டில் அவள் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். கத்தினால் பிள்ளைகள் மிரண்டுபோகும். அவள் புருஷன் ராசப்பனோ தழும்பு விழாமல் அடிப்பதில் கெட்டிக்காரன்.

"நெஞ்சுல அடிச்சிக்கிட்டுக் கத்தோணும் அக்கா. கடைசியில நிக்கறவங்களுக்கும் கேக்கோணும்" என்று அருணா சொல்லிக்கொடுத்தாள். கண்ணாயி கற்றுக்கொண்டாள். அடுத்த நாலு ஊரிலும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சொந்த ஊரில் நடித்தபோது மேல்காட்டுச் சென்னம்மாள் தேம்பியே விட்டாள். ராசப்பன் முன்னால் உட்கார்ந்து கைதட்டினான். வெட்கங்கெட்ட மனுஷன்.

நடிப்பையே இவ்வளவு நம்புகிறவர்கள் உண்மையை நம்பாமலா போவார்கள் என்று அவளுக்குத் தைரியம் வந்தது. மிளகு பறித்து முடித்த வாரம் ஊர்க்கூட்டத்தில் போய் நின்றாள். கூட்டம் ஒத்துக்கொண்டால் பிள்ளைகளோடு காரவள்ளியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம். இல்லையென்றால் பிள்ளைகள் புருஷனுக்குத்தான்.

"என்னைய அடிக்கறாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊர்க்கவுண்டர் அவள் முகத்தையே பார்த்தார். "அடி வாங்கறவ இத்தன அமைதியாவா நிப்பா?"

அப்போதுதான் அது வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், அடிவயிற்றிலிருந்து வந்தது. தரையில் உட்கார்ந்து, பதினொரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள்.

ராசப்பன் எழுந்து பணிவாகத்தான் சொன்னான். "நாடகத்துல அழுத அதே அழுகதானுங்க. நீங்களும்தான் பாத்தீங்களே."

நாலு பேர் தலையாட்டினார்கள். ஊர்க்கவுண்டருக்கும் அது சரியென்றே பட்டது. பிள்ளைகள் ராசப்பனிடமே இருக்கட்டும் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

சென்னம்மாள்தான் கண்ணாயியைக் கைபிடித்துத் தூக்கி நிறுத்தினாள். "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம். நல்லாத்தான் அழுத. ஆனா அன்னைக்கி நாடகத்துல அழுதது பாரு, அதுதான் நெசமாட்டமே இருந்துச்சு."