சகலையின் மோட்டார்

கிரிசாந்தோ மனலாங் நல்லவன்தான். யார் வீட்டு ஏசி நின்றுபோனாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவான். செத்த வீட்டில் சவப்பெட்டி தூக்க முதல் ஆளாக நிற்பான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் கூரைக்குப் புதுத் தகரம் போட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. பிறவிக் குணம், என்ன செய்வது! கோயில் பாட்டுக்குழுவில் இன்னொருத்தன் தன்னைவிட நன்றாகப் பாடினான் என்பதற்காகப் பாட்டையே விட்டவன் அவன். சண்டைச் சேவல் வளர்த்தான், மைத்துனன் சேவல் ஜெயித்தது, தன் சேவலைக் குழம்பு வைத்துவிட்டான். கடைசியில் ஊரில் வேறு யாருமே செய்யாத ஒன்றாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம். தெர்மாகோல் உடம்பு, மூக்கில் ஒரு கரண்டு மோட்டார், அதில் ஒரு விசிறி. பம்பாங்கா மாகாணத்தின் அந்த மூலையில் அவன் ஒருத்தனிடம்தான் அது இருந்தது. போட்டியே இல்லாததால் நிம்மதியாக இருந்தான்.

அந்த விமானத்தால் அவனுக்கு ஒரு மரியாதையும் வந்து சேர்ந்தது. மே மாதக் கடைசியில் மாதா தேர் ஊரைச் சுற்றி வரும்போது, தேருக்கு மேலே விமானத்தை ஓட்டி, வயிற்றுப் பெட்டியைத் திறந்து பூ தூவுவான். பாதிப் பூ வாய்க்காலில் விழும், மீதி யார் வீட்டுக் கூரையிலாவது விழும். தேர்மேல் விழுந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் ஊரே அண்ணாந்து பார்க்கும். "அதோ நம்ம கிரிஸ்!" என்பார்கள். வருஷம் முழுக்க மற்றவர்களைப் பார்த்து வெந்துகொண்டிருக்கிறவனுக்கு, மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கிற அந்த ஒரு நிமிஷம்தான் சோறு, தண்ணீர் எல்லாம்.

அதில்தான் மண் விழுந்தது. போட்டவன் அர்வின் சுங்கா, கிரிசாந்தோவின் சகலை. கிரிசாந்தோவின் மனைவி நெனித்தின் தங்கை மரிவிக்கைக் கட்டியவன். கப்பலில் எஞ்சினியர். லீவில் வந்தவன் பெட்டியைத் திறந்து மனைவிக்கு வாசனைத் தைலம் எடுப்பதற்கு முன்னால் ஒரு விமானத்தை எடுத்தான்.

"சகலை, இதப் பாரு! உன்னப் பாத்துத்தான் எனக்கும் ஆசை வந்துச்சு. ரோட்டர்டாம்ல கப்பல் நின்னப்ப மோட்டார் வாங்கினேன். என்னா இழுப்பு இழுக்குது தெரியுமா? கையில புடிச்சா ஆளையே தூக்கிட்டுப் போயிடும்போல!"

கிரிசாந்தோ மோட்டாரைப் பார்த்தான். அவனுடையது எலுமிச்சம்பழம் அளவு. இது நல்ல ஆரஞ்சுப்பழம்.

"ம்... சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குமே," என்றான்.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் அர்வின் பறக்கவிட்டான். விமானம் தரையில் கொஞ்ச தூரம்கூட ஓடவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக மேலே போனது, கண்ணுக்குப் புள்ளியாகும்வரை போனது. கிரிசாந்தோவின் விமானம் மைதானத்தை மூன்று சுற்று சுற்றித்தான் தென்னைமர உயரம் தொடும். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊர்த் தலைவி கோரிங் கையைத் தட்டினாள்.

"ஏன் கிரிஸ், உன்னோடது இப்படி ஏற மாட்டேங்குதே? வயசாயிடுச்சா? பிளேனுக்குத்தான் கேட்டேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அர்வினும் சிரித்தான். சிரித்துவிட்டுச் சகலையின் தோளில் கை போட்டான். அந்தக் கையைத் தட்டிவிடாமல் இருக்கக் கிரிசாந்தோ பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

கோரிங் அதோடு விடவில்லை. "இந்த வருஷம் ஒரு கூடைப் பூ முழுசும் மாதா மேலதான் விழணும். வாய்க்காலுக்குப் பூசை பண்ணினது போதும். எந்த பிளேன் கூடைப் பூ முழுசையும் தூக்குதோ அதுதான் தேருக்கு," என்று சொல்லிவிட்டாள்.

வயிறு எரிகிறவனுக்கு வேகம் வந்தால் கேட்க வேண்டுமா? கிரிசாந்தோ ஆஞ்சலஸ் நகரத்துக் கடைக்குப் போய், சகலையுடையதைவிடப் பெரிய மோட்டாராகக் கேட்டு வாங்கி வந்தான். பெரிய மோட்டார் வந்ததும் அது சும்மா இருக்குமா? நிறையக் கரண்டு கேட்டது. கரண்டை அளந்துவிடுகிற பழைய சின்ன சர்க்யூட் புகைந்து கருகியது. அதையும் பெரிதாக மாற்றினான். பேட்டரி போதவில்லை, அதையும் மாற்றினான். எல்லாம் சேர்ந்து மூக்கு கனத்துப்போனது. வாலில் ஈயக்கட்டி ஒட்டினான். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போன மூன்று ஃப்ரிட்ஜுகள் அவன் பட்டறையில் வாயைத் திறந்தபடி கிடந்தன.

"மனுஷங்க ஃப்ரிட்ஜுல மீன் அழுகுதுன்னு வந்து கத்துறாங்க," என்றாள் நெனித். "நீ பொம்மைக்கு மூக்கு வெச்சுக்கிட்டு இருக்க."

"இது பொம்மையில்ல."

"எனக்குத் தெரியும், அது என்னன்னு. அர்வின் கப்பலுக்குத் திரும்பிப் போனா சரியாயிடும்."

பெரிய மோட்டாரைப் பொருத்தும்போது மூக்கைத் துளி கீழ்ப்பக்கமாகச் சாய்த்துப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் முழு வேகத்தில் விமானம் தானாக மேலே வளையும். இது கிரிசாந்தோவுக்குத் தெரியாததில்லை. அவசரத்தில் விட்டுவிட்டான். மோட்டாரைத் தாங்கும் பலகையை ஒட்டிய பசை காயவும் பொறுமையில்லை. தேருக்கு இரண்டு நாள் முன்னால், கூடைப் பூவுக்குப் பதில் அரிசிப் பையை வைத்து, ஊர் பார்க்க முழு வேகம் கொடுத்தான். விமானம் மூக்கைத் தூக்கியது. ஒரு சத்தம். மோட்டார் பலகையோடு பிய்த்துக்கொண்டு, விசிறி சுற்றச் சுற்றத் தனியாகக் கொஞ்ச தூரம் போய்ச் சேற்றில் விழுந்தது. விமானம் அது போன திசையைப் பார்த்தபடி தலைகுப்புற வந்து இரண்டு துண்டானது. மைதானம் முழுக்க அரிசி.

சிரித்தவர்களை அவன் மன்னித்துவிடுவான். ஓடிவந்து சேற்றிலிருந்து மோட்டாரை எடுத்து, தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தானே அர்வின், அவனை மன்னிக்க முடியவில்லை.

"போனா போகுது சகலை. நீயே என்னோடத ஓட்டேன். நான் பக்கத்துல நிக்கறேன்."

"வேணாம். உன் பிளேன், நீயே ஓட்டு."

பிச்சை போடுகிறான் என்று உள்ளுக்குள் குமுறினான்.

தேர் நாள் காலையில் அர்வின் விமானத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்தான்.

"நேத்து இறக்கறப்ப விசிறி உடைஞ்சுடுச்சு. புதுசா ஒண்ணு மாட்டியிருக்கேன். நீதான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவன். ஒரு தடவ பாத்துடேன்."

கிரிசாந்தோ றெக்கையை ஆட்டிப் பார்த்தான். வாலை அசைத்தான். பூப்பெட்டியின் கதவைத் திறந்து மூடினான். கடைசியாக மூக்குக்கு வந்தான். விசிறியின் ஒரு பக்கத்தில் அதன் அளவை எழுத்தாக அச்சடித்திருப்பார்கள். அந்த எழுத்து முன்பக்கம் பார்க்க வேண்டும், மாட்டுகிறவர்களுக்கு அதுதான் பாலபாடம். அர்வினின் விசிறியில் முன்னால் எழுத்தே இல்லை. விரலைப் பின்னால் விட்டுத் தடவினான். தட்டுப்பட்டது. திருப்பி மாட்டியிருக்கிறான் மடையன்! அப்படி மாட்டினாலும் சுற்றும், இழுக்கவும் இழுக்கும், ஆனால் பாதி உயிரோடுதான். கனமில்லாமல் பறந்தால் அந்த மோட்டாருக்கு அது தெரியாது. ஒரு கூடைப் பூவோடு தரையை விட்டே எழும்பாது.

சொல்ல ஒரு வாக்கியம் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"எல்லாம் சரியா இருக்கு," என்றான் கிரிசாந்தோ.

என்ன ஆகிவிடப் போகிறது, எழும்பாமல் நிற்கும், பூ மைதானத்தில் கொட்டும், கோரிங் இவனையும் பார்த்து வயசாயிடுச்சா என்று கேட்பாள், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான்.

சாயங்காலம் பேண்டு வாத்தியம் முழங்க, மாதா தேர் பள்ளிக்கூடத்துத் தெருவுக்குள் திரும்பியது. வெள்ளை உடுப்புப் போட்ட சிறுமிகள், மெழுகுவத்தி ஏந்திய பெண்கள், அவர்களுக்குப் பின்னால் தேர். அர்வின் வேகம் கொடுத்தான். விமானம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. மைதானம் தீர்ந்துபோகிற இடத்தில், வேலியை வயிற்றால் உரசிக்கொண்டு எழும்பிவிட்டது.

எழும்பியதே ஒழிய ஏறவில்லை. மோட்டார் கரகரவென்று கத்தியது. அர்வின் ரிமோட்டைக் கடைசிவரை தள்ளியும் விமானம் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, நடக்கிற வேகத்தில், றெக்கையை அப்படியும் இப்படியும் சாய்த்தபடி தேரை நோக்கிப் போனது. தெருவில் யாரோ அலறினார்கள். பக்கத்தில் நின்றிருந்த கிரிசாந்தோ அர்வினைப் பார்த்தான். சகலையின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "ஏறு, ஏறு," என்று முனகினான். கிரிசாந்தோவுக்கு அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே மனசில்லை.

அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. ஊரே "ஆ!" என்றது. திரும்பினான்.

விழுந்துவிடுமே என்ற பயத்தில் அர்வின் பூப்பெட்டியைத் திறந்துவிட்டான். அவ்வளவு தாழ்வாகவும் மெதுவாகவும் இதுவரை எந்த விமானமும் தேருக்கு மேலே போனதில்லை. ஒரு பூ வெளியே போகவில்லை. கூடைப் பூவும் மாதாவின் முடிமேல், தோள்மேல், நீட்டிய கைமேல் கொட்டியது. பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். கோரிங் நடுத்தெருவில் முழங்கால் போட்டு அழுதாள். பாரம் இறங்கிய விமானம் தட்டுத்தடுமாறி ஏறி, ஒரு சுற்று சுற்றி மைதானத்தில் வந்து உட்கார்ந்தது.

தேர் முடிந்து நடந்த விருந்தில் அர்வினைச் சுற்றிக் கூட்டம். கிரிசாந்தோ ஓரமாக நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தான், பார்த்தான், தாங்க முடியவில்லை. தன் தப்புக்காக வருந்தியா போனான்? இல்லை. அர்வினைச் சிறுமைப்படுத்த வேண்டும், அதற்காகத்தான் கூட்டத்துக்குள் புகுந்தான்.

"சகலை, உனக்கு ஒண்ணு தெரியுமா? விசிறிய நீ திருப்பி மாட்டியிருந்த. எழுத்து பின்னால இருந்துச்சு. அதான் ஏறல."

அர்வின் அவனையே பார்த்தான்.

"காலையில பாத்தப்பவே உனக்குத் தெரியுமா?"

"...தெரியும்."

அர்வினின் முகம் மலர்ந்தது. கட்டிப்பிடித்து அவனைத் தரையிலிருந்து தூக்கிவிட்டான்.

"கேட்டீங்களா எல்லாரும்! எங்க சகலை வேணும்னேதான் விட்டிருக்கான்! மெதுவா போனாத்தான் பூ மாதா மேல விழும்னு கணக்குப் போட்டிருக்கான்! நானும் அர்த்தம் புரியாம செத்துப் பொழச்சேன்! டேய், என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

கை தட்டினார்கள். கோரிங் அவன் கன்னத்தைத் தட்டினாள். "இனிமே ஒவ்வொரு வருஷமும் நீதான், கிரிஸ். விசிறிய அப்படியே விட்டுடு." வாழ்நாள் முழுக்க அவன் கேட்க ஏங்கிய வார்த்தைகள் எல்லாம் அன்றைக்கு ஒன்றுவிடாமல் கிடைத்தன. தட்டில் பன்றிக்கறியை யாரோ குவித்துக்கொண்டே இருந்தார்கள்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் நெனித் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் இரண்டு மூன்று இதழ் ஒட்டியிருந்தது. கூட்டம் கலையும்வரை காத்திருந்து, பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் பேசினாள்.

"மெழுகுவத்திக்காரங்கள்ல முன்னால நான்தான் நடந்தேன். அந்த விசிறி என் முகத்துக்கு நேரா வந்துச்சு. நீ ஓடி வருவேன்னு மைதானத்துப் பக்கம் திரும்பிப் பாத்தேன்."

கிரிசாந்தோ கறித் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நீ பிளேனையும் பாக்கல, என்னையும் பாக்கல. அர்வின் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்த," என்றாள் நெனித்.

தன் தட்டை எடுத்துக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய்விட்டாள்.